ஜெபம்: எங்கள் சபையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் ஊழியக்காரன் இல்லை. வாரநாட்களில் கணக்கு எழுதும் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஞாயிறு பள்ளி, மாலையில் வாலிபர் கூடுகை. நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பதினாறு வருடமாக இதுதான் ஓடுகிறது. பாடம் எதுவாக இருந்தாலும் கடைசியில் யாராவது ஒருவர் ஜெபத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்பார், அது பெரும்பாலும் போன வருடம் வேறொருவர் கேட்டதாகவே இருக்கும். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். வசன எண்கள் கொடுத்திருக்கிறேன், என்னை நம்பாமல் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள்.

1. ஜெபம்னா என்ன சார்? கடவுள்கிட்ட கேக்குறதுதானே?

கேட்பதும் ஜெபம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்திலேயே சாப்பாடு கேட்கும் வரி இருக்கிறது. ஆனால் கேட்பது மட்டும்தான் ஜெபம் என்றால், ஃபீஸ் கட்டும் தேதிக்கு மட்டும் அப்பாவுக்குப் போன் போடுகிற ஹாஸ்டல் பையன் மாதிரி ஆகிவிடும். அப்பா பணம் அனுப்பத்தான் செய்வார். ஆனால் அதற்குப் பெயர் உறவு இல்லை.

சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 150 ஜெபப் பாடல்கள். துதி இருக்கிறது, நன்றி இருக்கிறது, பாவ அறிக்கை இருக்கிறது, அழுகை, புலம்பல், தேவனோடு நேருக்கு நேர் சண்டை எல்லாமே இருக்கிறது. ஒரே வரியில் சொல்லச் சொன்னால், ஜெபம் என்பது தேவனுக்கு முன்னால் நடிக்காமல் நிற்பது என்பேன். கீழே நான் சொல்லப்போவது எல்லாம் ஏறக்குறைய அதையேதான் சுற்றிவரும்.

2. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் நான் எதுக்கு வாயைத் திறந்து சொல்லணும்?

நல்ல கேள்வி, இயேசுவே கிட்டத்தட்ட இதைத் தொட்டிருக்கிறார். நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்களுக்கு என்ன தேவை என்று பிதாவுக்குத் தெரியும் என்கிறார் (மத்தேயு 6:8). சரி, அப்படியானால் ஜெபம் வேண்டாம் என்று முடிக்கவேண்டும் அல்லவா? இல்லை, அடுத்த வசனத்திலேயே ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார். அவருக்கு இரண்டும் இடிக்கவில்லை. தகவல் சொல்வதற்காக ஜெபிக்கிறோம் என்று நினைக்கிற நமக்குத்தான் இடிக்கிறது. குழந்தை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்வதை அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். இருந்தாலும் அது ஓடிவந்து முட்டியைக் காட்டத்தான் செய்யும், அம்மாவும் இப்போதுதான் பார்க்கிற மாதிரி குனிந்து ஊதத்தான் செய்வாள்.

இன்னொன்று, சொல்லும்போதுதான் நம் மனதில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரிகிறது. ஒருமுறை பதவி உயர்வுக்காக நானே உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்பதைவிட, பக்கத்து மேஜைக்காரருக்கு அது போய்விடக்கூடாது என்பதுதான் என் ஜெபம் என்று அப்போதுதான் உறைத்தது. தேவனுக்கு அது முன்னமே தெரியும். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

3. எனக்கு ஜெபம்பண்ணவே வராதுண்ணே. எங்கேருந்து ஆரம்பிக்க?

இயேசுவோடு கூடவே நடந்து, சாப்பிட்டு, தூங்கின சீஷர்களே "எங்களுக்கும் சொல்லிக்கொடும்" என்றுதான் கேட்டார்கள் (லூக்கா 11:1). அதனால் தெரியாது என்பது பெரிய குறை ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த பதில்தான் பரமண்டல ஜெபம். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள், ஆனால் ரயில் வேகத்தில் ஒப்பிக்காமல் ஒவ்வொரு வரியாக நின்று நின்று சொல்லுங்கள். அதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். அதற்குப் பிறகுதான் நம் சோறு, நம் குற்றம், நம் சோதனை. நாம் சாதாரணமாக ஜெபிக்கும்போது இந்த வரிசை தலைகீழாகத்தான் இருக்கும், பாதி நாள் முதல் மூன்றும் வருவதே இல்லை.

தமிழில் இதற்கு ஒரு கூடுதல் அழகு உண்டு. ஜெபம் முழுவதும் "எங்கள்", "எங்களுக்கு" என்றுதான் போகிறது. "என்" என்று ஒரு இடத்தில்கூட இல்லை, அதனால் தனியறையில் ஒற்றை ஆளாகச் சொன்னாலும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது. "நம்" என்றும் இல்லை. "நம்" என்றால் கேட்கிறவரையும் சேர்த்துச் சொல்வது, "எங்கள்" என்றால் எதிரே இருப்பவரைப் பார்த்து நாங்கள் என்று சொல்வது. எல்லா மொழியிலும் இப்படி இரண்டு சொல் கிடையாது. ஆக, வாயைத் திறந்த உடனே எதிரில் ஒருவர் இருக்கிறார் என்று தமிழே சொல்லிவிடுகிறது.

4. கத்தோலிக்க ஃப்ரெண்டு வீட்டுல அந்த ஜெபம் சொன்னாங்க, "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" வரல. ஏன் விட்டுட்டாங்க?

அவர்கள் விடவில்லை. லூக்கா 11ல் அந்த வரி கிடையாது. மத்தேயு 6:13ல் நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஆதிசபை ஆராதனையில் ஜெபத்தை முடிக்கும்போது சொன்ன துதி அது. திதாக்கே என்கிற ஆதிசபைக் கையேட்டில் இதே போன்ற ஒரு முடிவு வருகிறது, இந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லச் சொல்வதும் அதே கையேடுதான். கத்தோலிக்கர் திருப்பலியில் குருவானவர் இடையில் ஒரு ஜெபம் சொன்னபிறகு அந்தத் துதியைச் சபையாகச் சொல்கிறார்கள். நாம் ஜெபம் என்று எழுதுகிறோம், அவர்கள் செபம் என்று எழுதுகிறார்கள். சண்டை போடுவதற்கு இதைவிடப் பெரிய விஷயங்கள் உலகத்தில் உண்டு.

5. கடவுளை "நீர்"னுதான் கூப்பிடணுமா? "நீங்க"ன்னு வாயில வந்துடுது, தப்பா?

தப்பே இல்லை. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் ராஜாவுக்கும் வேலைக்காரனுக்கும் முன்னிலையில் ஒரே சொல்தான், நீ, நீர், நீங்கள் என்ற பாகுபாடு அங்கே இல்லை. மொழிபெயர்த்தவர்கள் மரியாதைக்கு "நீர்" போட்டார்கள், அதுவே பழகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் எங்கள் பக்கம் டீக்கடையில் சமவயதுக்காரனைத்தான் "நீரு வாரும்வே" என்று கூப்பிடுவோம். ஆக, மரியாதைக்காக வைத்த சொல்லிலேயே ஒரு சிநேகமும் ஒட்டியிருக்கிறது, எங்கள் காதுக்காவது.

இயேசு ஜெபத்தில் "அப்பா" என்ற அரமேயச் சொல்லைப் பயன்படுத்தினார் (மாற்கு 14:36). அது சின்னப் பிள்ளை கொஞ்சும் சொல் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அப்படி மட்டும் சொல்லிவிட முடியாது, வளர்ந்தவர்களும் தங்கள் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நெருக்கமும் உண்டு, மரியாதையும் உண்டு. தமிழில் அப்பா என்று சொல்லும்போது இருப்பதுதான் அது. நமக்கு விளக்கமே தேவையில்லை.

6. முழங்கால் போட்டாத்தான் ஜெபமா? எனக்கு மூட்டுவலி தம்பி.

உட்கார்ந்தே ஜெபியுங்கள் அம்மா. சாலொமோன் முழங்காலில் நின்றார், கெத்செமனேயில் இயேசு முகங்குப்புற விழுந்தார், உவமையில் வரும் ஆயக்காரன் தூரத்தில் நின்றபடியே மார்பில் அடித்துக்கொண்டான். "நின்று ஜெபம்பண்ணும்போது" என்றே ஒரு வசனம் இருக்கிறது (மாற்கு 11:25). இன்னும் கேட்டால், 325ல் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் ஞாயிற்றுக்கிழமையிலும் ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரைக்குமான நாட்களிலும் முழங்கால் போடாமல் நின்றுதான் ஜெபிக்கவேண்டும் என்று ஒரு விதியே போட்டது, உயிர்த்தெழுதலின் நாளில் எழுந்து நிற்கவேண்டும் என்ற எண்ணத்தில். உடம்பு ஜெபத்துக்கு உதவும், அது உண்மை. மெத்தையில் சாய்ந்துகொண்டு ஜெபித்தால் நான் மூன்றாவது வாக்கியத்தில் தூங்கிவிடுவேன். அவ்வளவுதான் விஷயம்.

7. விடியக்காலை நாலு மணி ஜெபத்துக்குத்தான் பவர் ஜாஸ்தியாமே?

நேரத்துக்குப் பவர் கிடையாது. இயேசு இருட்டோடே எழுந்து போய் ஜெபித்தார் (மாற்கு 1:35), இன்னொரு நாள் ராமுழுவதும் ஜெபித்தார் (லூக்கா 6:12). தானியேல் தினம் மூன்று வேளை. பேதுரு நடுப்பகலில் மொட்டைமாடியில் ஜெபிக்கப் போனார், அதுவும் பசியோடு (அப்போஸ்தலர் 10:9). பவுலும் சீலாவும் நடுராத்திரியில், ஜெயிலில்.

அதிகாலைக்கு உள்ள லாபம் வேறு. அந்த நேரத்தில் போன் அடிக்காது, பால்காரர் வரமாட்டார், நம்மிடம் யாருக்கும் எதுவும் தேவைப்படாது. நைட் ஷிப்ட் முடித்து ஆறு மணிக்கு வீடு வருகிற நர்ஸிடம் போய் நாலு மணி ஜெபத்தைப் பற்றிப் பேசினால் அவர் மனதில் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். பஸ் ஜன்னலோரச் சீட்டு கிடைத்த இருபது நிமிடம்தான் அவருக்கு, கதவைப் பூட்டி ஜெபி என்று இயேசு சொன்ன அறைவீடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, அதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தோன்றும்போது ஜெபிப்பேன் என்று சொன்ன எனக்கு வாரக்கணக்கில் தோன்றாமலே போனதுண்டு.

8. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்"னு பவுல் சொல்றார். வேலைக்குப் போறவன் எப்படிங்க?

அந்த வசனத்தை (1 தெசலோனிக்கேயர் 5:17) எழுதியவரும் வேலைக்குப் போனவர்தான், கூடாரம் தைக்கிற தொழில். அதனால் இருபத்துநான்கு மணிநேரமும் கண்ணை மூடிக்கொண்டிரு என்று அவர் சொல்லியிருக்க முடியாது. பாரிஸில் பதினேழாம் நூற்றாண்டில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு துறவி மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போது இருக்கிற அதே அமைதியோடு தேவனோடு இருப்பதாகச் சொன்னார். அவ்வளவு தூரம் போகவேண்டாம், எங்கள் தெருவிலேயே ஒரு பெரியம்மா உண்டு. பீடி சுற்றுகிறவர்.

மடியில் சொளவு, ஒரு பக்கம் வெட்டி வைத்த இலை, ஒரு பக்கம் தூள். இலையை எடுத்து, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிவிடுவார், கண் அதில் இருக்கவே இருக்காது. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஒரு கட்டுக்கு ஒரு ஆள் என்று வைத்திருக்கிறார், அந்தக் கட்டு முடியும்வரை அந்த ஆளுக்காக ஜெபம். ஆயிரம் பீடி சுற்றின நாளில் நாற்பது பேர். ஒருநாள் நான் அந்தப் பக்கம் போகும்போது கூப்பிட்டு, "ஒனக்கு ஒடம்பு எதுவும் சரியில்லையால, காலையில ஒன் கட்டுல நூலு அறுந்துகிட்டே இருந்துச்சு" என்றார். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு என் பெயரை இருபத்தைந்து பீடி நேரம் ஒருவர் மனதில் வைத்திருந்தார் என்பதே போதுமாக இருந்தது. பீடியோடு ஜெபமா என்று முகம் சுளித்த ஒருவரும் எங்கள் சபையில் உண்டு. அவர் வீட்டில் அந்தக் கூலியை நம்பி அடுப்பு எரியவில்லை.

கணநேர ஜெபமும் கணக்கில் வரும். நெகேமியாவிடம் ராஜா "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்கிறார், இவர் மனதுக்குள் ஜெபித்துவிட்டு உடனே பதில் சொல்கிறார் (நெகேமியா 2:4). ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் அதற்கு முன் நாலு மாதமாக அவர் ஜெபித்துக்கொண்டிருந்தார் என்பதையும் மறக்கவேண்டாம்.

9. ஜெபிக்க உக்காந்தா மனசு எங்கெங்கயோ ஓடுது. கேஸ் புக் பண்ணினேனாங்கிறதெல்லாம் அப்பத்தான் ஞாபகம் வருது.

எனக்கும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு வைத்துக்கொண்டு "கேஸ்" என்று எழுதிவிட்டு ஜெபத்துக்குத் திரும்புங்கள். எழுதினால் அது மறுபடி வந்து தட்டாது. திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வந்தால் அதைத் தடையாக நினைக்காமல் அதையே ஜெபமாக்கிவிடலாம், ஒருவேளை உண்மையில் நீங்கள் பேசவேண்டியது அதைப் பற்றித்தானோ என்னவோ. மெல்லிய குரலில் வாய்விட்டு ஜெபிப்பதும் உதவும்.

10. புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறதெல்லாம் ஜெபமா? மனசுலேருந்து வரவேண்டாமா?

பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற நண்பர்கள் நம் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி இது. சங்கீதங்கள் எழுதி வைத்த ஜெபங்கள்தான். இயேசு சிலுவையில், சாகிற நேரத்தில், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினது 22ம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்றது 31ம் சங்கீதம். மனதிலிருந்து வந்ததா, மனப்பாடத்திலிருந்து வந்ததா? இரண்டும்தான். சின்ன வயதில் உள்ளே போனது, வேண்டிய நேரத்தில் வெளியே வந்தது.

அதே சமயம் நம் பக்கம் உள்ள குறையையும் ஒத்துக்கொள்ளவேண்டும். ஆராதனை முறைமையை வாய் சொல்ல, கண் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும். ஆனால் சொந்தமாக ஜெபிக்கிறவர்களுக்கும் தேய்ந்த தடம் உண்டு. "அன்பும் கிருபையும் நிறைந்த எங்கள் பரமபிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தால் அடுத்த நாலு வாக்கியத்தை நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று இயேசு சொன்னது (மத்தேயு 6:7) இரண்டு பேருக்கும்தான்.

11. சத்தமா ஜெபிச்சாத்தான் கேக்குமா? எனக்கு அந்நியபாஷை வேற வரல, ஆவி இல்லையோன்னு பயமா இருக்கு.

அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது, சத்தமே வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் (1 சாமுவேல் 1). கேட்கவேண்டியவருக்குக் கேட்டது, பிள்ளை பிறந்தது. கர்மேல் மலையில் நாள் முழுக்கச் சத்தம் போட்டது பாகாலின் தீர்க்கதரிசிகள், எலியா செய்தது இரண்டே வசன ஜெபம். சத்தமாக ஜெபிப்பது தவறு என்று சொல்லவரவில்லை, துக்கமோ சந்தோஷமோ பொங்கினால் சத்தம் வரத்தான் செய்யும். சத்தத்தை வைத்து ஆவியை அளக்கவேண்டாம் என்கிறேன்.

அந்நியபாஷை, அதாவது கற்காத மொழியில் ஆவியினால் பேசுவது, ஒரு வரம். எல்லாருக்கும் அந்த வரம் உண்டா என்று பவுல் கேட்கிற தோரணையிலேயே இல்லை என்ற பதில் இருக்கிறது (1 கொரிந்தியர் 12:30). பயப்படாதீர்கள்.

12. உபவாசம் இருந்து ஜெபிச்சா சீக்கிரம் கிடைக்குமா?

உண்ணாவிரதம் இருந்து மிரட்டி வாங்குவதற்கு அவர் அரசாங்கம் இல்லை. உபவாசம் நம்மை ஜெபத்துக்குத் திருப்பும் ஒரு வழி. ஏசாயா 58ஐ ஒருமுறை படித்துவிட்டு உபவாசம் இருங்கள். அங்கே ஜனங்கள் "நாங்கள் உபவாசம் பண்ணியும் நீர் ஏன் பார்க்கவில்லை" என்று கேட்க, உபவாச நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்ற பதில்தான் வருகிறது. சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இருக்கவேண்டாம். போனை ஒருநாள் அணைத்து வைப்பது சிலருக்குச் சாப்பாட்டைவிடக் கடினமான உபவாசம், எனக்கு அப்படித்தான்.

13. "இயேசுவின் நாமத்தில்"னு முடிக்க மறந்துட்டேன், அந்த ஜெபம் போய்ச் சேருமா?

சேரும். கவரில் ஒட்டுகிற ஸ்டாம்ப் இல்லை அது. அவர் பெயரால் கேட்பது என்றால் அவரைச் சார்ந்தவனாக, அவர் விரும்புவதற்கு ஒத்த மாதிரி கேட்பது. பரமண்டல ஜெபத்திலேயே அந்த வாக்கியம் இல்லையே!

14. கடவுள்மேல கோபமா இருக்கேன். இந்த மனசோட ஜெபிக்கலாமா?

அந்தக் கோபத்தையே ஜெபியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது 13ம் சங்கீதம். 88ம் சங்கீதம் இன்னும் மோசம், மற்ற புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும், இதில் அதுவும் இல்லை, இருளிலேயே முடிந்துவிடும். இதை வேதாகமத்திலிருந்து யாரும் கிழித்து எறியவில்லை. முதல் பதிலில் நடிக்காமல் நிற்பது என்றேனே, அது இந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான். கோபத்தோடு எதிரில் நிற்பவன் இன்னும் உறவை முறிக்கவில்லை.

15. கேட்டது கிடைக்கலையே. என் விசுவாசம் பத்தலையா?

என் அப்பா புற்றுநோயில் இருந்தபோது ஜெபிக்க வந்த ஒருவர், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "இந்த வீட்டில் யாரோ ஒருத்தருக்கு விசுவாசம் குறைவா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று இரவெல்லாம் அது தானா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்து வருடங்கள் ஆகியும் அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஆத்திரம் தணியவில்லை. அதனால் இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டம், ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

சில ஜெபங்கள் தப்பாகக் கேட்கப்படுகின்றன, யாக்கோபு 4:3 சொல்வது அதைத்தான் (இரண்டாவது பதிலில் வரும் என் பதவி உயர்வு மாதிரி). ஆனால் கிடைக்காத எல்லா ஜெபமும் அந்த வகை இல்லை. கெத்செமனேயில் இயேசு இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று தடவை கேட்டார். நீங்கவில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கவேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது, முள் இருந்த இடத்திலேயே இருந்தது (2 கொரிந்தியர் 12:8-9). இவர்களுக்கும் விசுவாசம் பத்தவில்லையா?

நம் பக்கத்து டோனாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி, 1867ல் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல், சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீலக்கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத் தூங்கினார், காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக்கண்தான். பிறகு நம் ஊருக்கு வந்து சேலை கட்டிக்கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றப் போனபோது அந்தப் பழுப்புக்கண் எவ்வளவு உதவியது என்று அந்தக் கதையைச் சொல்லி முடிப்பார்கள். உண்மையான கதைதான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் பிற்பாதியை யாரும் சொல்வதில்லை. 1931ல் அவர் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். 1951ல் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறையோடுதான். ஜெபத்துக்கே பேர்போன ஒரு இடத்தில், அத்தனை பிள்ளைகள் ஜெபித்தும் அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. நீலக்கண்ணுக்குக் காரணம் தெரிந்துவிட்டது, இதற்கு அந்த மாதிரி ஒரு காரணத்தை என்னால் சொல்லமுடியாது. சொல்கிறேன் என்று வருகிறவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

16. ஜெபம் வேலை செய்யுதுன்னு அறிவியல்ல நிரூபிச்சிருக்காங்களா? ஒருத்தன் காலேஜ்ல மடக்கிட்டான்.

பரிசோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இதய பைபாஸ் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2006ல் வெளியானது. முன்பின் தெரியாதவர்கள் சிலருக்காக ஜெபித்தார்கள், சிலருக்காக ஜெபிக்கவில்லை. தனக்காக ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருந்த இரண்டு பிரிவிலும் வித்தியாசம் இல்லை, ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. தமக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்த பிரிவில் 59 சதவீதம்! "எனக்கு ஜெபக்குழு வைக்கிற அளவுக்கா நிலைமை?" என்ற பதற்றமாக இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள்.

இதை மறைக்கவேண்டியதில்லை, உங்கள் நண்பனிடம் நீங்களே சொல்லுங்கள். ஜெபம் ஒரு மருந்தாக இருந்திருந்தால் இந்தச் சோதனையில் அது தோற்றது. ஆனால் முதல் பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் மட்டும் தெரிந்துகொண்டு, எழுதிக்கொடுத்த வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லி, இன்னொரு பிரிவோடு ஒப்பிட்டு முடிவை எண்ணுவதற்கு நான் ஜெபம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெரியம்மாவின் கட்டு வேறு. அதை நிரூபிக்கமுடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று, மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அந்த வீட்டிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். யாக்கோபு 5:14 எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது, மருந்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை.

17. பெரிய ஊழியக்காரர் ஜெபிச்சா உடனே கேட்குமாமே? காணிக்கை அனுப்பச் சொல்றாங்க.

எலியா நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன் என்று யாக்கோபு 5:17 சொல்லிவிட்டது. மற்றவர்களை ஜெபிக்கச் சொல்வது நல்லதுதான், பவுலே பல சபைகளை அப்படிக் கேட்டார். காசு வாங்கிக்கொண்டு ஜெபம் என்றால் மட்டும் தீர்க்கதரிசி எலிசா வேண்டாம் என்ற பிறகும், சுகமான நாகமானின் பின்னால் ஓடிப்போய் வெள்ளியும் வஸ்திரமும் வாங்கின அவருடைய வேலைக்காரன் கேயாசியை (2 இராஜாக்கள் 5) நினைத்துக்கொள்ளுங்கள்.

18. வீட்டு ஜெபத்துல ஜெபக்குறிப்புன்னு ஊர்க்கதை பேசுறாங்க. என்ன செய்ய?

"அந்த வீட்டுப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்குங்க, என்ன விஷயம்னு மட்டும் கேக்காதீங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால், ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண் யாரோடு எந்தப் பஸ் ஸ்டாண்டில் நின்றாள் என்பது வரைக்கும் வந்துவிடும். எங்கள் கூடுகையில் ஒரு பழக்கம் வைத்தோம். சொந்தக் குறிப்பு சொல்லலாம். அடுத்தவர் குறிப்பு என்றால் பெயர் மட்டும், அதுவும் அவர் சம்மதித்தால். முதல் மாதம் கூட்டம் அரைமணி நேரம் முன்னதாகவே முடிந்துவிட்டது, அதுவே நிறையச் சொல்லியது.

19. சொத்துத் தகராறுல சித்தப்பாவோட பேச்சு இல்லை. அவருக்காக ஜெபிக்க மனசு வரல, என் ஜெபம் கேட்கப்படுமா?

பரமண்டல ஜெபத்தில் நிபந்தனை போட்டு வருகிற வரி இது ஒன்றுதான், நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கு மன்னியும் என்று. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தடியிலேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23-24. எனவே தப்பிக்க வழியில்லை. ஆனால் மன்னிப்பது என்றால் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது என்று அர்த்தம் இல்லை, வழக்கு நியாயமாக இருந்தால் நடக்கட்டும். அவர் பெயரை மட்டும் சொல்லி ஆரம்பியுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால், "இவருக்காக ஜெபிக்க எனக்கு மனசில்லை, நீரே பார்த்துக்கொள்ளும்" என்றாவது சொல்லுங்கள். எனக்கு ஒரு ஆள் விஷயத்தில் இந்த ஒரே வாக்கியம் எட்டு மாதம் ஓடியது.

20. மாசக்கணக்கா ஒண்ணுமே உணரல. சுவரோட பேசுற மாதிரி இருக்கு.

அன்னை தெரசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007ல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தன. கொல்கத்தாவில் தெருவோரம் சாகக் கிடந்தவர்களைத் தூக்கின அந்த மனுஷி ஏறக்குறைய ஐம்பது வருடம் ஜெபத்தில் தேவனுடைய பிரசன்னத்தைப் பெரும்பாலும் உணரவில்லை என்று அப்போதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. தினமும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார். உணர்ச்சி வந்தால் நல்லது, வராவிட்டால் ஜெபம் செல்லாது என்று இல்லை. வார்த்தையே வராத நாளுக்கு ரோமர் 8:26 இருக்கிறது, வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டிக்கொள்கிறார் என்று. ஆனால் தூக்கம், பசி, வேலை எல்லாவற்றிலுமே இந்த வறட்சி இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். அதுவும் பதினாறாவது பதிலில் சொன்ன மருந்து விஷயம்தான்.

21. ஆச்சிக்கு மறதி நோய். ஜெபம்பண்ணச் சொன்னா முழிக்கிறாங்க. நாங்க பக்கத்துல ஜெபிச்சா மட்டும் போதுமா?

நீங்களும் ஜெபியுங்கள், அவர்களையும் சொல்லவிடுங்கள். சொந்தமாக வார்த்தை கோக்க அவர்களால் முடியாது, ஆனால் பத்தாவது பதிலில் சொன்ன மாதிரி சின்ன வயதில் உள்ளே போனது கடைசியில்தான் கரையும். பழக்கமான ஜெபத்தை நீங்கள் ஆரம்பித்துவிட்டு நிறுத்துங்கள். அவசரப்படுத்தாமல், திருத்தாமல் காத்திருங்கள்.

என் அம்மா கடைசி இரண்டு வருடம் என்னைத் தன் தம்பி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி படுக்கப்போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு "பரமண்டலங்களிலிருக்கிற" என்று நிறுத்துவேன். கொஞ்சம் பொறுத்து "எங்கள் பிதாவே" என்று வரும். அப்புறம் அவராகவே நாமம், ராஜ்யம், சித்தம் என்று தட்டுத்தடுமாறிப் போவார். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்றதும் அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டியாலே?" என்று கேட்பார். சாப்பிட்டேன்க்கா என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பேன்.